லியு பின்யான்: கட்சி இருமுறை வெளியேற்றியவர் இடதுசாரியா?

கேள்வி

லியு பின்யானை 'இடதுசாரிப் பத்திரிகையாளர், எழுத்தாளர்' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். சீனக் கம்யூனிஸ்ட் கட்சி அவரை இருமுறை வெளியேற்றியது. கடைசிப் பதினேழு ஆண்டுகளை அவர் அமெரிக்காவில் கழித்து அங்கேயே இறந்தார். இவரை இடதுசாரி என்பது எந்தக் கணக்கில்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

4 ஜனவரி, இரவு

கட்சியின் கணக்கில் பார்த்தால் அவர் இடதுசாரி அல்லர் என்பது சரிதான். 1957-ல் தொடங்கிய வலதுசாரி எதிர்ப்பு இயக்கத்தில் அவர் தலையில் வைக்கப்பட்ட 'தொப்பி'யின் பெயரே 'வலதுசாரி'. ஒருவர் மீது அரசியல் முத்திரை குத்துவதைச் சீனத்தில் தொப்பி வைப்பது என்றும், முத்திரையை நீக்குவதைத் தொப்பியைக் கழற்றுவது என்றும் சொல்வார்கள். அந்த இயக்கத்தில் தொப்பி வைக்கப்பட்டவர்கள் அதிகாரபூர்வக் கணக்கின்படியே ஐந்தரை லட்சத்துக்கும் மேல். 1987-ல் இரண்டாம் முறை நீக்கியபோது 'முதலாளிய தாராளவாதம்' என்று வேறொரு பெயர் வைத்தார்கள். ஆனால் யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் உரிமையைக் கட்சிக்கே விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு கேள்வி கேட்பதில் பொருளில்லை.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925-ல் சாங்சுன் நகரில் பிறந்து ஹார்பினில் வளர்ந்தார். தந்தை முதல் உலகப் போர்க் காலத்தில் ரஷ்யாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ரயில்வேயில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பணமில்லாததால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. ரஷ்யனும் ஜப்பானிய மொழியும் பின்னாளில் ஆங்கிலமும் பெரும்பாலும் தாமே கற்றவை. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, 1944-ல், தலைமறைவாக இயங்கிய கட்சியில் சேர்ந்தார். கட்சி உறுப்பினர் என்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலம் அது. பதவி தேடிச் சேர்ந்தவர் என்று அவரை எதிரிகள்கூடச் சொன்னதில்லை.

4 ஜனவரி, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது வாழ்க்கைக் குறிப்பாகிவிட்டது, கேள்விக்கு விடையாகவில்லை. நான் அவரை இடதுசாரி என்று சொல்வதற்குக் காரணம் அவர் வைத்திருந்த உறுப்பினர் அட்டை அன்று. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, இடையில் யார் எடுத்துக்கொள்கிறார், கடைசியில் யார் குளிரில் நிற்கிறார் என்று பார்ப்பதுதான் அவர் எழுத்தின் முறை. மனிதர்களின் நற்குண துர்க்குணங்களை விசாரிப்பதற்கு முன் அவர் பேரேட்டைத் திறந்து பார்க்கிறார். இதை நிரூபிக்க அவருடைய நிலக்கரிக் கட்டுரை ஒன்றே போதும். அதைப் பற்றி நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

7 ஜனவரி

நிலக்கரிக்குப் போவதற்கு முன் பாலம். 1951 முதல் அவர் 'சீன இளைஞர்' நாளிதழில் இருந்தார். 1954-ல் வாலென்டின் ஒவேச்கின் என்ற சோவியத் எழுத்தாளர் சீனா வந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றார். கூட்டுப்பண்ணைகளையும் வட்டாரக் கட்சி அலுவலகங்களையும் உள்ளிருந்து பார்த்து, அதிகாரிகளின் மந்தத்தை நேராக எழுதியவர் ஒவேச்கின். ரஷ்யாவில் இந்த வடிவத்துக்கு 'ஓச்செர்க்' என்று பெயர். செய்தியின் உடம்பும் கதையின் நடையும் சேர்ந்த ஒன்று. ஒவேச்கினோடு ஊர் சுற்றியதில் லியு பின்யானுக்கு அந்த வடிவம் பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

1956 ஏப்ரலில் 'மக்கள் இலக்கியம்' இதழில் அவருடைய 'பாலக் கட்டுமானத் தளங்களில்' வெளிவந்தது. மஞ்சள் ஆற்றில் பாலம் கட்டுகிறார்கள். லுவோ லிஜெங் என்ற அணித்தலைவர் ஒரு காலத்தில் துடிப்பான ஆள். இப்போது மேலிடத்து உத்தரவு வராமல் ஒரு கல்லையும் நகர்த்தாதவர். பெருமை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பிழை வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் பிடித்துக்கொண்டிருக்கும் கொள்கை. சகபொறியாளரான ஜெங் காங் வெள்ளம் வரப்போவதைக் கணித்துத் தம் பொறுப்பில் வேலையை விரைவுபடுத்துகிறார். லுவோ உத்தரவுக்குக் காத்திருக்கிறார். வெள்ளம் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, லுவோவை அவர் கெட்டவனாகக் காட்டாததுதான். நல்ல மனிதர், தொழிலாளர்களோடு பழகுகிறவர், வேலை தெரிந்தவர். அவரை அப்படி ஆக்கிய ஏற்பாடு எது என்பதுதான் கட்டுரை முழுவதும் ஓடும் கேள்வி.

8 ஜனவரி

மேலே 'கட்டுரை' என்று எழுதிவிட்டேன். ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். லுவோவும் ஜெங் காங்கும் புனைபெயர்கள், உரையாடல்கள் அமைக்கப்பட்டவை, அப்படியானால் அது சிறுகதைதானே என்கிறார். பாதி சரி. பிற்காலத் தொகுப்புகளில் அதைக் கதைகளோடு சேர்த்தே வைக்கிறார்கள். சீனத்தில் அப்போது அதற்கு வைத்த பெயர் 'தேசியே'. 'ஓச்செர்க்' என்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த சொல் அது. சினிமாவில் முகத்தை மட்டும் திரை நிறையக் காட்டும் நெருக்கக் காட்சிக்கும் அதே சொல்தான் என்று சீனம் படித்த நண்பர் சொன்னார். தமிழில் 'நடைச்சித்திரம்' என்ற பழைய சொல் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு சாவகாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது; இவர் எழுதியது சாவகாசமான பொருளன்று. 'நெருக்கச் சித்திரம்' என்று வைத்துக்கொள்ளலாமா? நெருக்கடி என்ற பொருளும் உள்ளே கேட்கிறது. கேட்டால் கேட்கட்டும்.

8 ஜனவரி, மாலை

சீனத்தில் இந்த மரபு அவரோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷாங்காய்ப் பஞ்சாலைகளில் ஒப்பந்தத்தில் அடைத்து வைக்கப்பட்ட பெண்களைப் பற்றி ஷியா யான் என்ற எழுத்தாளர் எழுதியது 1936-ல். வித்தியாசம் என்னவென்றால், அங்கே எதிரில் நின்றவர்கள் வெளிநாட்டு முதலாளியும் இடைத்தரகரும். லியு பின்யான் எழுதத் தொடங்கியபோது ஆலை, பாலம், சுரங்கம், பத்திரிகை எல்லாமே தம் கட்சியின் கையில் இருந்தன. எதிரியை நோக்கி எழுதும்போது கிடைக்கிற பாதுகாப்பு சொந்த வீட்டை நோக்கி எழுதும்போது கிடைப்பதில்லை.

12 ஜனவரி

அவருடைய 'எங்கள் பத்திரிகையின் உள்செய்தி' பற்றிக் கேட்டிருந்தார்கள். 1956-ல், பாலத்துக்குச் சில மாதங்கள் கழித்து வந்தது. ஹுவாங் ஜியாயிங் என்ற இளம் பெண் நிருபர் நிலக்கரிச் சுரங்கத்துக்குச் செல்கிறாள். ஓயாத கூட்டங்களால் தொழிலாளர்களுக்குத் தூக்கமில்லை என்று கண்டுகொள்கிறாள். அதை எழுதிக்கொண்டு வந்தால் பத்திரிகையில் இடமில்லை. அவள் கட்சியில் சேர விண்ணப்பித்திருப்பவள். அடங்கிப் போனால் உறுப்பினராகலாம். தலைமை ஆசிரியரும் தம் கருத்தென்று ஒன்று இல்லாதவரல்லர். மேலிடம் என்ன நினைக்கும் என்று கணக்குப் போட்டுப் போட்டு, தாம் என்ன நினைக்கிறோம் என்பதை மறந்துவிட்டவர்.

நான் பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் இருந்தேன், பெயர் வேண்டாம். ஒருமுறை ஒரு குடிநீர்த் திட்டத்தைப் பற்றி நான்கு நாள் அலைந்து எழுதிக் கொடுத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 'நன்றாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்றார்கள். மூன்று ஞாயிறு கழிந்த பிறகு, 'இப்போது பழசாகிவிட்டதே' என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருத்தம் உண்மையானது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. ஹுவாங் ஜியாயிங்கின் கதையைப் படித்தபோது சீனாவைப் பற்றிப் படிக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. இருந்தாலும் இந்த ஒப்பீட்டை நீட்டக் கூடாது. எனக்குப் போனது ஒரு செய்தி. அவருக்குப் போனது இருபத்திரண்டு ஆண்டுகள்.

13 ஜனவரி

அந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, அவருடைய நினைவுக்குறிப்பிலேயே இருக்கிறது. 1957 முதல் 1979 வரை பெரும்பகுதி கிராமங்களிலும் பண்ணைகளிலும் உடலுழைப்பு. தொப்பியைக் கழற்றினார்கள், கலாச்சாரப் புரட்சி வந்ததும் திரும்ப வைத்தார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். உற்பத்தியை ஒரே மூச்சில் பெருக்க மாவோ 1958-ல் தொடங்கிய பெரும் பாய்ச்சல் காலத்தில் அவர் இருந்த மலைக் கிராமத்தில் குடிக்கவே தண்ணீர் பற்றாக்குறை. அங்கே நீரூற்றும் விலங்குக் காட்சிச்சாலையும் அமைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்ததாக எழுதுகிறார். உழவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. படித்த, பேசத் தெரிந்த தாமும் பேசவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

19 ஜனவரி

நிலக்கரி. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன்.

1979 ஜனவரியில் அவருடைய பெயர் துடைக்கப்பட்டது. 'மக்கள் நாளிதழில்' நிருபராகச் சேர்ந்தார். செப்டம்பரில் 'மக்கள் இலக்கியம்' இதழில் வந்ததுதான் இந்த நிலக்கரிக் கட்டுரை. ஹெய்லோங்ஜியாங் மாநிலம், 'பின்' என்ற மாவட்டம். அங்கே குளிர்காலத்தில் நிலக்கரி என்பது சோற்றுக்கு அடுத்த பொருள். அது இல்லாவிட்டால் சமையலும் இல்லை, படுக்கையில் சூடும் இல்லை. மாவட்ட நிலக்கரி நிறுவனத்தில் காசாளராக இருந்த வாங் ஷோஷின் என்ற பெண், கலாச்சாரப் புரட்சியின் அமளியில் மேலேறி, அந்த நிறுவனத்தின் மேலாளராகவும் கட்சிச் செயலாளராகவும் ஆகிவிட்டார். பிறகு சுருட்டினார். தொகை ஐந்து லட்சம் யுவானுக்கு மேல். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் சில பத்து யுவான்களாக இருந்த காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

எப்படிச் சுருட்டினார் என்பதை லியு பின்யான் நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார். அரசு ஒதுக்கிய நிலக்கரிக்குக் கட்டுப்பாட்டு விலை. திட்டத்துக்கு வெளியே சிறு சுரங்கங்களிலிருந்து வரும் நிலக்கரிக்கு விலை கூடுதல். ஒதுக்கீட்டு நிலக்கரியையே சிறு சுரங்க நிலக்கரி என்று சொல்லி விற்றால் இடையில் ஒரு தொகை மிஞ்சுகிறது. அதன் மேல் போக்குவரத்துச் செலவு என்று ஒன்றைச் சேர்த்தால் இன்னொரு தொகை. திருட்டு இவ்வளவுதான், எவரும் செய்யக்கூடியது. அதை எட்டுப் பத்து ஆண்டுகள் எவரும் தடுக்காமல் எப்படி நடத்தினார் என்பதுதான் அவர் துருவுகிற இடம்.

மாவட்டத் தலைவர்களின் வீடுகளுக்கு நல்ல நிலக்கரி தேடிப் போகிறது. அதற்குப் பதிலாக அந்தத் தலைவர்களின் கையெழுத்து நிறுவனத்துக்குத் தேடி வருகிறது. ஒருவருடைய மகனுக்கு வேலை, இன்னொருவருக்கு வாகனம், மூன்றாமவருக்குப் பன்றி இறைச்சி. பழைய சமூகத்தில் லஞ்சம் கொடுப்பவன் தன் பையிலிருந்து கொடுத்தான். இங்கே இருபுறமும் பொதுச் சொத்தைத்தான் மாற்றிக்கொள்கிறார்கள், யார் பையும் குறைவதில்லை, அதனால் அது லஞ்சமாகவே தெரிவதில்லை என்று அவர் காட்டுகிற இடம் எனக்கு மனப்பாடம். மார்க்சியம் படித்த ஒருவர் ஊழலைப் பார்க்கும் பார்வை இதுதான். ஒழுக்கவாதி எழுதியிருந்தால் அந்தப் பெண்ணின் பேராசையோடு முடித்திருப்பார்.

கம்யூனிஸ்ட் கட்சி எல்லாவற்றையும் நிர்வகித்தது, தன்னை மட்டும் நிர்வகிக்கவில்லை என்ற புகழ்பெற்ற வாக்கியம் இதில்தான் வருகிறது.

20 ஜனவரி

திருத்தம். நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், 'ஆக, அந்தப் பெண்ணைப் பிடித்துக் கொடுத்தவர் லியு பின்யான்தான்' என்று எழுதியிருக்கிறார். இல்லை. கட்டுரை வருவதற்கு முன்பே வாங் ஷோஷின் கைதாகிவிட்டார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், வகுப்புகளில் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். குற்றவாளி சிறையில் இருக்கும்போது போய், 'இவளைப் பிடித்தாயிற்று, ஆனால் இவளை வளர்த்த மண் அப்படியே இருக்கிறதே' என்று கேட்டதுதான் அவர் செய்தது. உள்ளூர் அதிகாரிகளுக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். வழக்கை முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை அவர் எழுப்பினார்.

வாங் ஷோஷினுக்கு 1980 பிப்ரவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரிடம் நிலக்கரி வாங்கிக்கொண்ட அத்தனை பேருக்கும் அந்தச் சாவு வசதியாகப் போயிற்று என்பது என் எண்ணம்.

20 ஜனவரி, பின்னிரவு

சிறு செய்தி, விவாதத்துக்குத் தேவையில்லை. பின் மாவட்டத்தின் 'பின்' என்ற எழுத்தும் பின்யானின் 'பின்'னும் ஒரே எழுத்துதானாம். விருந்தாளி என்று பொருள். 'யான்' என்றால் வலசை போகும் காட்டு வாத்து. மாவட்டத்துக்கு வந்த விருந்தாளியை அதிகாரிகள் எப்படி உபசரித்திருப்பார்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

27 ஜனவரி

புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று ஒரு நண்பர் தனிப்பட்ட முறையில் குறைப்பட்டுக்கொண்டார். சரி, எனக்கு அவரோடு இருக்கும் சண்டையைச் சொல்கிறேன்.

1985-ல் 'இரண்டாம் வகை விசுவாசம்' எழுதினார். முதல் வகை, சொன்னதைச் செய்யும் விசுவாசம். அதற்கு முன்மாதிரி லெய் ஃபெங் என்ற படைவீரர். இரண்டாம் வகை, தலைமை தவறும்போது எடுத்துச் சொல்லி அதற்கான விலையைக் கொடுக்கும் விசுவாசம். இதற்கு இரண்டு பேரைக் காட்டுகிறார். சென் ஷிஜோங் என்பவர் சோவியத் ஒன்றியத்தில் படித்தவர்; மாவோவுக்கு நீண்ட அறிவுரைக் கடிதம் எழுதிச் சிறைப்பட்டவர். நீ யூஷியன் என்பவர் பஞ்ச காலத்தைப் பற்றி இளம் படைவீரராக இருந்தபோதே மாவோவுக்கு எழுதியவர். பதவி பறிக்கப்பட்டிருந்த தலைவர் டெங் சியாவ்பிங்கைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று 1977-ல் குவாங்ஜோவில் சுவரொட்டி ஒட்டிச் சிறைக்குப் போனவர். அந்த டெங்கின் ஆட்சியில்தான் இந்தக் கட்டுரை கண்டிக்கப்பட்டது.

நான் முதலில் படித்தபோது தலைப்பே சிலிர்க்க வைத்தது. இப்போது அந்தத் தலைப்புதான் இடறுகிறது. இரண்டும் விசுவாசம்தானே? இடித்துரைக்கும் அமைச்சனும் அரசனிடமே நிற்கிறான். அவன் அரசனைத் திருத்த முயல்கிறான், அரசன் எதற்கு என்று கேட்பதில்லை. லியு பின்யானின் வாசகர்களும் இதையே அவரிடம் எதிர்பார்த்தார்கள். பீஜிங்கில் அவருடைய கதவைத் தேடி நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மனுக்களோடு மக்கள் வந்தார்கள். கடிதங்கள் மலையாகக் குவிந்தன. அவரை 'லியு நீலவானம்' என்றார்கள். பழைய காலத்தில் நேர்மையான நீதிபதிக்கு மக்கள் வைக்கும் பட்டம் அது. அரசியல் சட்டமும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய வேலையை ஒரு நிருபரின் தோளில் ஏற்றுகிற பட்டம். இடதுசாரி ஒருவர் அதை ஏற்றுக்கொள்ளலாமா?

28 ஜனவரி

நேற்றைய கேள்வியில் அநியாயம் இருக்கிறது. அவர் பட்டத்தை ஏற்றுக்கொண்டார் என்று எழுதிவிட்டேன்; மக்கள் கொடுத்தார்கள் என்று மட்டுமே சொல்ல எனக்கு உரிமை உண்டு. வாசலில் நிற்கும் கிழவியிடம் 'அம்மா, இது அமைப்பின் கோளாறு, நான் நீலவானம் அல்ல' என்று எந்த மனிதர் சொல்வார்? மனுவை வாங்கிப் படிப்பதுதான் மரியாதை. விசுவாசம் என்ற சொல்லைப் பற்றிய என் உறுத்தல் மட்டும் அப்படியே இருக்கிறது.

3 பிப்ரவரி

1987 பற்றி. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் எழுத்தாளர் சங்கத் தேர்தலில் மூத்த நாவலாசிரியர் பா ஜினுக்கு அடுத்தபடியாக அதிக வாக்குப் பெற்றுத் துணைத்தலைவரானார். 1986 இறுதியில் மாணவர் போராட்டங்கள். 1987 ஜனவரியில் ஹூ யாவ்பாங் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அதே மாதம் வானியற்பியலாளர் ஃபாங் லிஷி, எழுத்தாளர் வாங் ருவோவாங், லியு பின்யான் ஆகிய மூவரையும் கட்சி நீக்கியது. மூவரையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள், ஆனால் மூவரும் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். மார்க்சியம் காலாவதியாகிவிட்டது என்று ஃபாங் வெளிப்படையாகப் பேசினார். லியு பின்யான் அப்படிப் பேசவில்லை.

1988-ல் கற்பிக்க அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் நசுக்கியது. வெளியிலிருந்து கடுமையாகக் கண்டித்தார். திரும்பும் வழி அடைபட்டது. அந்த ஆட்சி நீண்ட நாள் நிற்காது என்றும் அப்போது சொன்னார். அது பொய்த்தது. ஊர் ஊராகச் சுற்றி மக்கள் வாயால் கேட்டு எழுதியவரை அந்த மக்களிடமிருந்து பிரித்துவிட்டால், அவர் கணிப்பு தவறுவதில் வியப்பில்லை.

கேள்வி கேட்டவருக்கு என் முக்கியமான சான்று இங்கேதான் இருக்கிறது. ஹெ சிங்லியன் என்ற பொருளியலாளர், சீனச் சீர்திருத்தத்தின் பெயரால் அதிகாரத்தில் இருந்தவர்கள் பொதுச் சொத்தை எப்படித் தனிச் சொத்தாக மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு நூல் எழுதினார். 1998-ல் அதைப் பற்றி லியு பின்யான், சீன இலக்கிய அறிஞர் பெர்ரி லிங்க்குடன் சேர்ந்து அமெரிக்க இதழொன்றில் நீண்ட மதிப்புரை எழுதினார். சீனாவின் வளர்ச்சியை மேலைநாட்டார் கைதட்டி வரவேற்றுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. புலம்பெயர்ந்த ஒருவருக்கு அந்தக் கைதட்டலில் கலந்துகொள்வது எளிது. இவரோ பின் மாவட்ட நிலக்கரியைத்தான் இப்போது நாடளவில் பார்த்தார்.

9 பிப்ரவரி

2005 டிசம்பர் 5-ஆம் நாள் நியூ ஜெர்சியில் புற்றுநோயால் இறந்தார். அஸ்தி 2010-ல்தான் பீஜிங்கின் புறநகர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றது. இங்கே துயிலும் சீனன் செய்ய வேண்டியதைச் செய்தான், சொல்ல வேண்டியதைச் சொன்னான் என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அனுமதி கிடைக்கவில்லை. கல்லில் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள்.

16 பிப்ரவரி

நிலக்கரிக் கட்டுரையை ஆங்கிலத்தின் வழியாகத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன், சீனம் தெரிந்த நண்பர் பக்கத்தில் இருக்கிறார் என்ற துணிவில். தலைப்பிலேயே நான்கு நாள் போய்விட்டது. ஆங்கிலத்தில் அது ஒரு கேள்வி: மனிதர்களா, பேய்களா? நானும் 'மனிதரா பேயா?' என்றே எழுதி வைத்தேன், ஓசையாகவும் இருந்தது. நண்பர் மூலத்தைப் பார்த்துவிட்டு, இங்கே கேள்வியே இல்லை என்றார். 'மனிதருக்கும் பேய்க்கும் இடையே' என்பதுதான் சீனத்தில் இருக்கிறதாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வாசகர் வாங் ஷோஷினைப் பேய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். 'இடையே' என்றால் நல்ல நிலக்கரியை வீட்டுக்கு வாங்கிக்கொண்ட செயலாளர், மகனுக்கு வேலை கேட்ட அதிகாரி, தெரிந்தும் கணக்கில் கையெழுத்திட்ட எழுத்தர் என்று ஒரு மாவட்டமே அந்தச் சொல்லுக்குள் நிற்கிறது. கேள்விக்குறியை எடுத்துவிட்டேன். முதல் நான்கு பக்கங்கள் தயாரானதும் இங்கே போடுகிறேன். நிலக்கரி வகைகளுக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் தெரிந்தவர்கள், குறிப்பாகக் கட்டியையும் தூளையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள், உதவினால் நன்று.